சாப்பர் சைக்கிள் திரும்பி வந்தது யாருக்காக?

கோட்டம் எடுப்பவன்:
இங்கிலாந்து ராலே கம்பெனியின் பழைய பையன்கள் சைக்கிள், சாப்பர், 2023 ஜூனில் மறுபடி விற்பனைக்கு வந்ததே, அதைப் பற்றி ஒருவராவது நேர்மையாக எழுதுவார் என்று பார்த்தேன். எல்லாரும் "ஆஹா, என் சின்ன வயசு" என்று உருகுவதோடு சரி. வந்தபோது விலை 950 பவுண்டு. எழுபதுகளில் முப்பது சொச்சத்துக்கு விற்ற வண்டி. விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் இது அதிகம்.

விலையை விடுங்கள். இது நல்ல வண்டியா? முன்சக்கரம் 16 அங்குலம், பின்சக்கரம் 20, உட்காருகிறவன் கனம் மொத்தமும் பின்னால். மேட்டில் அழுத்தி மிதித்தால் முன்சக்கரம் தூக்கும். இறக்கத்தில் வேகமெடுத்தால் ஹேண்டில்பார் உதறும். 1969ல் விற்க ஆரம்பித்தவர்களுக்கே இது புரிந்துதான் 1972ல் மார்க் 2 என்று திருத்திய மாடல் வந்தது. சீட்டை முன்னால் தள்ளினார்கள். பையன்கள் ஹேண்டில்பாரைப் பின்னால் சாய்த்துக்கொள்ள முடியாதபடி அதைத் தாங்கும் ஸ்டெம் குழாயோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து அதையே எடுத்துத் தூசி தட்டி விற்பதில் என்ன பெருமை?

மூன்றாம் கியர்:
நான் வாங்கியிருக்கிறேன், ஆகவே அடி என் முதுகில்தான் விழுகிறது. சரி.

திருத்திச் செய்திருக்கலாமே என்கிறீர்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. 2004ல் ஒரு சாப்பர் வந்தது. அலுமினிய ஃபிரேம், கனம் குறைவு. கியர் கம்பியை ஃபிரேமிலிருந்து கழற்றி ஹேண்டில்பாருக்குக் கொண்டுபோனார்கள். யாரும் டபுள்ஸ் அடிக்கக் கூடாதென்று சீட்டையும் மாற்றினார்கள். பாதுகாப்பு விதிப்படி எல்லாம் ஒழுங்கு. ஆனால், சாப்பர் என்றால் என்ன? இரண்டு காலுக்கும் நடுவில், காரில் இருப்பது மாதிரி ஒரு கியர் கம்பி. ஒரு கையை எடுத்து அதைப் பிடித்து, மிதிப்பதை அரை நொடி நிறுத்தி, 'கடக்' என்று தள்ள வேண்டும். அது இல்லாத வண்டிக்குச் சாப்பர் என்று பெயர் வைத்து என்ன பயன்? 2023ல் இரும்பு ஃபிரேமும் வந்தது, கம்பியும் பழைய இடத்துக்கு வந்தது. நான் காசு கொடுத்தது அந்தக் கம்பிக்குத்தான்.

கோட்டம் எடுப்பவன்:
அப்போது 950 பவுண்டுக்கு ஒரு கம்பி. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள்?

மூன்றாம் கியர்:
பதினொன்று. முட்டி வலிக்கிறது. கேட்காமல் இருந்திருக்கலாம் நீங்கள்.

வாழைப்பழ சீட்:
நான் எழுபதுகளில் இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போனவன். வீட்டில் சாப்பர் கேட்டேன், கிடைக்கவில்லை. என் வகுப்பில் ஒருவனிடம் இருந்தது. அவன் பின்னால் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் அந்தக் குரோம் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவேன். ஆள் ஏற்றுவதற்காகச் செய்த வண்டி இல்லை இது என்று சீட்டில் ஸ்டிக்கரே இருந்தது. அந்த நீளச் சீட்டைப் பார்த்த எந்தப் பையன் அதை நம்புவான்?

புது வண்டி எனக்குக் கட்டுப்படியாகாது. பழைய மார்க் 2 ஒன்றை வாங்கி ஓவராயில் செய்துகொண்டிருக்கிறேன்.

பழைய பெல்:
கோட்டம் அண்ணே, உதறலும் தூக்கலும் நீங்கள் சொன்னபடிதான், மறுக்கவில்லை. ஆனால் 'அதையே எடுத்து' என்பது சரியில்லை.

சாப்பரின் பின்சக்கர நடுவில், கியர் எல்லாம் உள்ளே அடங்கிய ஹப் இருக்கும். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் அந்தப் பழைய மூன்று வேக ஹப்பைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் எதிலும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் கொஞ்சம் பிசகியிருந்தால், எழுந்து நின்று மிதிக்கும்போது ஹப் அதில் போய் விழும். பெடல் சும்மா சுற்றும், ஆள் முன்னால் சரிவான். சரிந்தால் எதன்மேல் விழுவான்? மூன்றாம் கியர் காசு கொடுத்து வாங்கிய அதே கம்பியின் மேல். அதிலும் பையன்கள்! இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

2000ல் தைவானின் சன்ரேஸ் கம்பெனி ஸ்டர்மி ஆர்ச்சரை வாங்கியது. இப்போது அவர்கள் செய்யும், புதுச் சாப்பரிலும் இருக்கும் மூன்று வேக ஹப்பில் அந்தப் பிடிக்காத இடம் இல்லை, எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பழசு, உள்ளே புதுசு. பழைய வண்டியைத் திரும்பச் செய்வதென்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். 2004ல் வெளியே மாற்றினார்கள், ஒருவரும் உருகவில்லை.

கோட்டம் எடுப்பவன்:
ஹப் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். நல்ல ஹப் அது. ஆனால் நீங்களே தைவானை இழுத்துவிட்டீர்கள், நானும் கேட்கிறேன். ராலேயின் சொந்த ஊரான நாட்டிங்ஹாமில் ஃபிரேம் செய்வதை 1999ல் நிறுத்தினார்கள். வண்டி பூட்டும் வேலையும் 2002ல் முடிந்தது. இன்றைக்கு வருவது ஒரு ஸ்டிக்கரும் பெயரும்.

இன்னொன்று. 1963ல் அமெரிக்காவில் ஸ்விண் கம்பெனியின் ஸ்டிங்ரே சைக்கிள் வந்து சக்கைப்போடு போட்டது, அதற்குப் பதிலாகத்தான் சாப்பரே பிறந்தது. அன்றைய பையன்களுக்கு அன்றைய புதுசைக் கொடுத்தார்கள். இன்றைய பையனுக்கு என்ன? அவன் அப்பாவின் சைக்கிள், அதுவும் தொடக் கூடாது.

மூன்றாம் கியர்:
தொடலாம். என் மகள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "இது ஏன் திரும்பவே மாட்டேன் என்கிறது?" என்று கேட்டுவிட்டு அவள் வண்டிக்குப் போய்விட்டாள். ஆக, பையன்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எனக்காக வாங்கினேன், எனக்காகச் செய்தார்கள். அதில் என்ன குற்றம்? பெயர் மட்டும்தான் மிச்சம் என்றால், யார் வரைந்தது என்பதிலேயே தகராறு உள்ள வண்டி இது. ராலேயின் வடிவமைப்பாளர் ஆலன் ஓக்லி விமானத்தில் உறை ஒன்றின் பின்பக்கம் வரைந்தார் என்பது ஒரு கட்சி, ஓகிள் டிசைன் என்ற வடிவமைப்புக் கம்பெனியின் டாம் கரேன் என்பது இன்னொரு கட்சி.

பழைய பெல்:
ஐயா, அந்தச் சண்டைக்குத் தனி இழை திறங்கள். இங்கே வேண்டாம்.

வாழைப்பழ சீட்:
நடுவில் ஒரு சந்தேகம். என் மார்க் 2வில் நானேதான் கேபிள் மாட்டினேன். மூன்றாம் கியரில் ஏறி மிதித்தால் நழுவுகிறது. பெல் அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து உட்காரவே பயமாக இருக்கிறது.

பழைய பெல்:
கியர் கம்பியை இரண்டாம் கியரில் வையுங்கள். வலதுபக்க ஆக்ஸில் நட்டில் ஒரு ஓட்டை இருக்கும், அதன் வழியாகப் பாருங்கள். சங்கிலி மாதிரி உள்ளே போகிறதே, அதன் முனையில் ஒரு கம்பி. அது தடித்துத் தொடங்கும் இடம் ஆக்ஸில் நுனிக்குச் சமமாக வரவேண்டும். வரும்வரை கேபிளைத் திருகுங்கள். அதுவரைக்கும் எழுந்து நின்று மிதிக்காதீர்கள்.

கோட்டம் எடுப்பவன்:
பின்சக்கரம் கோட்டம் எடுத்தாயிற்றா? அதை முதலில் பாருங்கள்.