புதுப்பிப்பு: ஆத்தாவின் ஆறாத புண்கள்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஆத்தாவுக்குப் பெம்பிகஸ் வல்காரிஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கிக் கொப்புளம் வரவைக்கும் நோய்), அதற்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோபிரினும் எடுக்கிறார். கொப்புளங்கள் அடங்கிவந்த நேரத்தில் உதட்டிலும் முதுகிலும் புதுப் புண்கள். நோய் திரும்பிவிட்டதா, மாத்திரையைக் கூட்ட வேண்டுமா?

நோய் திரும்பவில்லை. மதுரையில் தோல் மருத்துவர் புண்ணின் அடியைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள் இருந்தன. அது ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்றின் அடையாளம். எதிர்ப்புச் சக்தியை மருந்து அடக்கி வைத்திருக்கும்போது, உடம்பில் உறங்கிக் கிடந்த வைரஸ் விழித்து, ஏற்கெனவே உரிந்த தோலில் பரவிவிடுகிறதாம். இந்தப் புண்கள் துளைபோட்டதுபோல வட்டமாக இருந்தன, வலியும் அதிகம். அதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

நல்லவேளை, ஸ்டீராய்டை நாங்களாகக் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் தொற்று இன்னும் பரவியிருக்கும். பயந்துபோய்ச் சட்டென நிறுத்தவும் கூடாது. மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஹெர்பீஸுக்கான அசைக்ளோவிர் மருந்து தொடங்கி ஒரு வாரத்தில் உதடு காய்ந்துவிட்டது.

தேவகோட்டையில் பார்க்க வந்த ஆச்சிமார் அம்மை என்று சொல்லி வேப்பிலை அரைத்துப் பூசச் சொன்னார்கள். அன்பில் சொன்னதுதான், ஆனாலும் திறந்த புண்ணில் எதையும் பூச நான் விடவில்லை.

அப்புறம், நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தது கேண்டிடா பூஞ்சை. அதற்குக் குளோட்ரிமசோல் ஓடுகிறது. நேற்று ஆத்தா தானாகவே வெள்ளைப் பணியாரம் கேட்டு, சட்னி தொடாமல் இரண்டு சாப்பிட்டார்.