சபைக்குப் போகாத விசுவாசி: நான் என்ன கணக்கில் சேர்த்தி?

குன்னூர்க்காரன்:
2020 ஊரடங்கில் தொற்றிய பழக்கம். ஞாயிறு காலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு யூடியூபில் ஆராதனை. பிரசங்கம் இழுத்தால் ஓட்டிவிடுவேன். ஜெபத்தை விட்டதில்லை, வேதம் முன்பைவிடக் கூடவே வாசிக்கிறேன். சந்தா ஜிபேயில் போய்விடுகிறது. திருவிருந்து, அதாவது சபையில் தரும் அப்பமும் ரசமும், எடுத்துத்தான் வருஷக்கணக்காகிறது.

போன ஜூலையில் அம்மா இறந்தார். விடாத மழை. எங்கள் கல்லறைத் தோட்டம் சரிவில் இருக்கிறது, மண் வழுக்கும். பெட்டி தூக்கிய ஆறு பேரில் இரண்டு பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கால்விரலை மண்ணில் ஊன்றி ஊன்றி இறங்கினார். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. "மூணாவது பெஞ்ச் அம்மா மகன்தானே?"

அப்பா 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்தவர். இந்த மலையில் அவருக்குக் கிடைத்த முதல் சொந்தமே சபைதான். என் விசுவாசம் எனக்கும் கர்த்தருக்கும் நடுவில், சரி. அந்த வெறுங்கால்காரருக்கு நான் யார்?

கோத்தகிரி பெரியவர்:
தம்பி, சபை கூடிவருவதை விட்டுவிடாதிருங்கள் என்கிற எபிரெயர் 10:25ஐ நான் எடுக்கவில்லை, அதை ஆயர் பார்த்துக்கொள்வார். ஊட்டி ஸ்டீபன் ஆலயத்து உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கட்டினார்கள், போனார்கள். பெஞ்சு காலியாகவா கிடந்தது? நாம் போய் உட்கார்ந்தோம். இப்போது எங்கள் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும்போது, ஒரு முட்டைக்கோஸின் விலையை ஏற்றிவிட ஆள் இல்லை. எதிர்த்துக் கேட்க ஒருவன் இருந்தால்தானே ஏலம்?

கேத்தி மகள்:
அண்ணா, நான் சபைக்குப் போவதை விட்டது சபைக் கமிட்டித் தேர்தலால். இரண்டு கோஷ்டி, ஆராதனையில் சமாதானம் சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மத்தேயு 18:20இல் இரண்டு மூன்று பேர் போதும் என்றுதானே இருக்கிறது? வெள்ளிக்கிழமை மூன்று வீட்டுக்காரர்கள் கூடினோம். ஒருவருக்கு மாற்றல் வந்தது, இப்போது இரண்டு வீடு.

கொடைக்கானல் வாசி:
இங்கே மட்டுமா? காலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்கில், அமெரிக்கர்களில் வழிபாட்டுத் தல உறுப்பினர்கள் 1999இல் 70 சதவீதம், 2020இல் 47. எல்லாரும் கடவுளை விட்டவர்கள் இல்லை.

குன்னூர்க்காரன்:
ஐயா, எங்கள் சௌசௌ கொடி காய்த்துத் தள்ளுகிறது. ஏலத்துக்கு ஒரு கூடை கொண்டுவருகிறேன், நானே எதிர்த்தும் கேட்கிறேன். அப்புறம், அந்த வெறுங்கால்காரர் யாரென்று ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் விசாரித்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தே பல வருஷமாம். அடக்கம் என்றால் மட்டும் முதல் ஆளாக வந்துவிடுவாராம்.