மறு: மூழ்கிய கப்பல் ஸ்கூபாவுக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

தோணி:
இலங்கையின் பாசிக்குடாவில் ஸ்கூபா (முதுகில் காற்றுப்புட்டியோடு கடலுக்கடியில் நீந்துவது) பயிற்சி தரும் நண்பருக்காகப் பாதுகாப்புத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ எண்ணெய்க் கப்பலுக்குத்தான் விடுமுறைக்காரர்களைக் கூட்டிப்போவார்கள். மூழ்கிக் கிடக்கும் கப்பலைப் பார்க்க இப்படி இறங்கும் ‘ரெக் டைவிங்’குக்கு என்ன எழுதலாம்? ‘கப்பல் மூழ்கல்’ என்று எழுதி நானே அடித்துவிட்டேன். செய்தித்தாளில் மூழ்கியவர் என்றால் பிணம். ‘மூழ்குவோர் கவனத்துக்கு’ என்று தலைப்பிட்டால் யார் பணம் கட்டுவார்?

இலக்கணப்பித்தன்:
உடைகலக் குளிப்பு. ‘உடைகலம்’ மணிமேகலையில் ஆதிரை கதையிலேயே இருக்கிறது. குளிப்பதென்றால் சோப்பு என்று நினைப்பவர்கள் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களைக் கேட்கட்டும். குறள் 929: ‘கீழ்நீர்க் குளித்தானைத் தீத்துரீஇ யற்று’ (நீருக்கடியில் குளித்தவனைத் தீவிளக்கோடு தேடுவது போல). குளி, குளம், குளிர் எல்லாம் ‘குள்’ என்ற ஒரே வேர் என்பது என் கட்சி. குழியும் அதுவே, ளகரம் ழகரமானதை விளக்கத் தனி மடல் எழுதுகிறேன்.

மீன்பாடி:
வேண்டாம் ஐயா, தனி மடல் வேண்டாம். எங்கட இலங்கைப் பக்கம் சொல் ஏற்கெனவே இருக்கு: நீருக்கடியில இறங்குறவர் சுழியோடி, அந்த வேலை சுழியோடல். ‘கடற்படைச் சுழியோடிகள்’ எண்டு பத்திரிகையில வராத மழைக்காலம் இல்லை. குளிப்பு எண்டு போட்டால் சனம் துவாயோட வரும்.

கோவை ஆசிரியை:
சுழி என்றால் என் மாணவர்களுக்கு ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. பெற்றோருக்கோ ஆளை இழுக்கும் ஆற்றுச்சுழி. பித்தன் ஐயாவுக்கும் ஒன்று: உடைகலம் வினைத்தொகை. உடைந்த கலம், உடைகின்ற கலம், உடையும் கலம் மூன்றும் அதில் அடக்கம். கரையிலிருந்து ஏறிப்போகிற படகையும் அது குறித்துவிடும்! எளிமையாக ‘முக்குளிப்பு’ போதாதா? (முக்குளிப்பான் குளத்துப் பறவை என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: தெரியும்.)

காற்றுக்குப்பி:
வேரைத் தோண்டுங்கள், தடுக்கவில்லை. ஆனால் கப்பலைச் சுற்றி நீந்துவது வேறு, உள்ளே நுழைவது வேறு. உள்ளே தலைக்கு மேல் இரும்பு. காற்று குறைந்தால் நேரே மேலே வர வழியில்லை. வாசலில் நூலைக் கட்டி, அதைப் பிடித்தே திரும்ப வேண்டும். காலை அசட்டையாக ஒருதரம் உதைத்தால் வண்டல் கிளம்பி வந்த வழியே மறைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், முதல் நாள் பயின்றவன் தனக்கும் அனுமதி உண்டு என்று நினைப்பான். ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ மூழ்கிய அதே நாளில் மட்டக்களப்புக்கு எதிரே மூழ்கிய ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கி 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குக்காக இறங்குபவர்களுக்கு எல்லை 40 மீட்டர். அதையும் இதே சொல்லில் அடைப்பீர்களா?

பி.கு.: வள்ளுவர் ஆகாது என்றதைத்தான் நாங்கள் தினமும் செய்கிறோம். கீழ்நீர்க் குளித்தானைத் தேட நல்ல டார்ச் கிடைக்கிறது.

நெய்தல்:
முத்துச்சிப்பி கிடக்கும் கடல்தரை முத்துப்பார். மீன் அடையும் உடைந்த கப்பல் ஏன் ‘கப்பற்பார்’ ஆகக்கூடாது?

கோவை ஆசிரியை:
நம் ஊர்க்காரர்கள் அது எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்பார்கள். அந்தக் குறள் கள்ளுண்ணாமை அதிகாரம் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இலக்கணப்பித்தன்:
விளங்காது, விளங்காது என்று சொல்லியே பாதிச் சொற்களைப் புதைத்துவிட்டோம். ‘பேருந்து’ம் ஒருகாலத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது.

தோணி:
வெள்ளி வந்துவிட்டது. படிப்பவர்களில் பெரும்பாலோர் இலங்கையர் என்பதால் ‘மூழ்கிய கப்பலில் சுழியோடல்’. தமிழகத்தாருக்காகத் தலைப்பில் ‘ஸ்கூபா’வும் உண்டு. காற்றுக்குப்பி சொன்னதற்காக ‘கப்பலுக்குள் நுழைதல்’ தனித் தலைப்பாகி, கீழே சிவப்பில் தடை. நால்வர் சரி என்றார்கள், அதில் இருவர் அலுப்பில்.

இலக்கணப்பித்தன்:
அது கலைச்சொல் அல்ல, முக்கால் வாக்கியம். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

மீன்பாடி:
பதியுங்கோ ஐயா. தோணி, மேல வரேக்க பாதுகாப்புக்கு 5 மீட்டர் ஆழத்தில 3 நிமிசம் நிக்கிறதுக்கு என்ன போட்டீங்கள்? ‘தரிப்பு’ எண்டு போடலாம். பஸ் தரிப்பிடம் எல்லாருக்கும் தெரியும்.

இலக்கணப்பித்தன்:
தரிப்பில் வடமொழி வாடை அடிக்கிறது. புதிய இழை தொடங்குகிறேன்.