புதுப்பிப்பு: அஸ்வெசும மேன்முறையீடும் வங்கிக் கணக்கும்

வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு மாதாமாதம் கொடுக்கும் நலன்புரிக் கொடுப்பனவுதான் அஸ்வெசும. முதல் பதிவில் அதற்கு விண்ணப்பிப்பது பற்றி எழுதியிருந்தோம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து அதிகம் வந்த கேள்வி: "பெயர் பட்டியலில் இருக்கு, காசு வரேல்லை, ஏன்?"

முதலில் தொகை. 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய், மிக வறிய குடும்பத்துக்கு 17,500. பழைய 8,500, 15,000 கணக்கை இனி விட்டுவிடுங்கள்.

காசு வராததற்கு வங்கிக் கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். விண்ணப்பத்தில் பழைய அடையாள அட்டை இலக்கம் (ஒன்பது இலக்கமும் V எழுத்தும்), வங்கியில் புதிய பன்னிரண்டு இலக்கம் என்றிருந்தால் பொருந்தாமல் போகலாம். பெயரின் முதலெழுத்து மாறினாலும் அதே சிக்கல். வங்கிப் புத்தகம், அடையாள அட்டை, விண்ணப்பப் பிரதி மூன்றையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவுக்குப் போங்கள். வங்கிக்கு மட்டும் போய்ப் பயனில்லை.

தெரிவாகாதவர்கள் மேன்முறையீட்டில் "நாங்கள் ஏழைகள்" என்று மட்டும் எழுதாதீர்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளில்தான் மதிப்பிடுகிறார்கள். எது பிழையாகப் பதிவானது என்று குறிப்பிடுங்கள்: விற்ற உழவு இயந்திரம் இன்னும் உங்கள் பெயரில் நிற்கிறதா? பாதி கட்டிய வீட்டை முழு வீடாகக் குறித்தார்களா? அதற்குக் கிராம அலுவலரின் கடிதத்தை இணையுங்கள். மேன்முறையீட்டைக் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வரவேண்டாம்.