புதுப்பிப்பு: ஐப்பசி மழைக்கும் மார்கழிக்கும் நடுவே என்ன உடுத்துவது?

மழைக்கும் ஈடு கொடுத்து, மார்கழிக் கச்சேரி நடக்கிற சபாவுக்கும் போட்டுப்போகிற மாதிரி உடை கேட்டிருந்தேன் இல்லையா, பலர் சொன்ன லினன் குர்தாவே ஜெயித்தது: ஈரக்காற்றிலும் உடம்போடு ஒட்டுவதில்லை, சீக்கிரம் காய்கிறது, கசங்கல் அதற்கு அழகு என்று விட்டுவிட்டேன். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் மறுநாளும் காயாது. ஸ்வெட்டர் எதற்கு, ஜனவரி விடியற்காலையிலேயே இங்கே சென்னையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நிஜக் குளிர் சபா ஏசியில்தான், அதற்கு ஒரு கலம்காரி துப்பட்டாவைச் சால்வை மாதிரி போர்த்திக்கொண்டால் போதும், பார்க்கவும் எடுப்பாக இருக்கிறது. அப்புறம், தோல் செருப்பு வேண்டாம் என்றவருக்கு நன்றி, தெருவில் இன்னும் சேறு. அம்மா மட்டும் கச்சேரிக்குப் பட்டுதான் என்கிறார், கேன்டீன் சாம்பாரை நினைத்தால் எனக்குத் துணிச்சல் வரவில்லை.