17.1-ஆ, 16.2-ஆ?

இரவுப்பணி_சுடர்:
நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருந்தார்: "குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கூடினால் கண் போகும். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 85 சதவீதம் இருந்தால் போதும். நர்ஸுங்கதான் அலாரத்துக்குப் பயந்து ஆக்சிஜனைக் கூட்டுறாங்க." படித்ததிலிருந்து வயிறு எரியுது. எந்த சாச்சுரேஷனில் வைக்கணும்னு ஒப்பிட்ட சப்போர்ட் ஆய்வு 2010-லேயே வந்தாச்சு. 24 முதல் 27 வாரத்தில் பிறந்த 1,316 குழந்தைகள். 85–89-ல் வைத்த பக்கம் 19.9 சதவீதம் இறப்பு, 91–95 பக்கம் 17.1. இதுக்கு மேல என்ன வேணும்?

தராசு:
அந்த மேதாவி நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். சப்போர்ட் ஆய்வில் 17.1 எங்கே இருக்கிறது? அங்கே இருப்பது 16.2. 17.1 வருவது நியோப்ராம் தொகுப்பில், அதாவது சப்போர்ட்டையும் அதே மாதிரி ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில்: 2018, மொத்தம் ஐந்து ஆய்வுகள், 4,965 குழந்தைகள். 19.9 இரண்டிலும் வருவதால் பாதி இங்கே, பாதி அங்கே என்று எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அடிப்படை எண்ணே தெரியாமல் அடுத்தவருக்கு வயிறு எரிகிறதாம்.

இரவுப்பணி_சுடர்:
16.2 என்றே வைத்துக்கொள்கிறேன். அப்போ வித்தியாசம் 2.8 இல்லை, 3.7. உங்க 85-க்கு அது இன்னும் மோசம்தானே சார்?

தராசு:
ஆக, 17.1 தவறு என்று ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

இரவுப்பணி_சுடர்:
ஒத்துக்கொள்ளலை. வைத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற_ஸ்டெதஸ்கோப்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சப்போர்ட்டில் எண்ணியது மருத்துவமனையை விட்டு வீடு போகும்வரை நேர்ந்த இறப்பு. நியோப்ராமில் எண்ணியது பதினெட்டு மாதம் தாண்டி, இரண்டு வயதை ஒட்டி. 'இறப்பு' என்று நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றே இல்லை. அதை முதலில் பேசிக்கொண்டால் தேவலை.

தராசு:
அது இருக்கட்டும் டாக்டர். 17.1 எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சப்போர்ட்டில் உயிர் பிழைத்த குழந்தைகளில் கடுமையான விழித்திரை நோய் கூடுதல் ஆக்சிஜன் பக்கம் 17.9 சதவீதம், குறைந்த பக்கம் 8.6. இரண்டு மடங்குக்கும் மேல். நியோப்ராமில் 'இறப்பு அல்லது பெரிய ஊனம்' என்று சேர்த்துப் பார்த்தால் குறைந்த பக்கம் 53.5, கூடுதல் பக்கம் 51.6, சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடே இல்லை. அதுதான் முதன்மைக் கேள்வி. நான் சொல்லவில்லை, ஆய்வுக்காரர்களே முன்கூட்டி வைத்த கேள்வி. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்குவது, அதுவும் தப்பான எண்ணை!

இரவுப்பணி_சுடர்:
கண்ணுக்கு லேசர் இருக்கு, ஊசி இருக்கு. செத்த பிள்ளைக்கு என்ன இருக்கு? அதே நியோப்ராமில் குடல் அழுகும் நோய் உங்க குறைந்த பக்கம் 9.2, மறுபக்கம் 6.9. அதை ஏன் முழுங்கிட்டீங்க?

மௌனவாசகன்:
எண்களை வைத்துக் கபடி ஆடுகிறார்கள், நடத்துங்க.

ஓய்வுபெற்ற_ஸ்டெதஸ்கோப்:
இந்தச் சண்டைக்கு வயது எழுபதுக்கு மேல், தம்பி. 1940-களில் இன்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்சிஜன் விட்டார்கள், ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போனது. 1950-களில் காரணம் தெரிந்ததும் இன்குபேட்டர் காற்றில் ஆக்சிஜன் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரே பிடி. கண் தப்பியது. பிறகு 1973-ல் கிராஸ் என்பவர் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கணக்குப் போட்டார்: காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் பதினாறு உயிர் போயிருக்கலாம் என்று. நான் படித்தபோது அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தேன். ஐரோப்பிய வழிகாட்டுதல் இன்று 90–94 என்பது சும்மா வந்ததில்லை.

தராசு:
டாக்டரின் நினைவலைகளுக்கு நன்றி. ஆனால் போன மாதம் இதே டாக்டர்தான் பிடிஏ (பிறந்தபின் மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் மூடாமல் இருப்பது) உள்ள குழந்தைக்கு அதை மூடவைக்கும் இபுபுரூஃபன் மருந்தை உடனே போடாத வார்டு வார்டே இல்லை என்றார். 2024-ல் வந்த பேபி ஆஸ்கார் ஆய்வு, 653 குழந்தைகள், சீக்கிரம் போட்டதால் பலன் எதுவும் காட்டவில்லை. இணைப்பை மூன்று தடவை போட்டேன். பதிலே இல்லை. அனுபவம் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசட்டும்.

ஓய்வுபெற்ற_ஸ்டெதஸ்கோப்:
நான் சொன்னது பெரிய குழாய், வென்டிலேட்டரை விட்டு இறங்காத குழந்தை. 'எல்லாக் குழந்தைக்கும்' என்று சேர்த்துக்கொண்டது நீங்கள். அந்த இழையில் என்னைக் 'கிழவர்' என்று எழுதியதையும் மறக்கவில்லை.

தராசு:
'மூத்தவர்' என்றுதான் எழுதினேன்.

மௌனவாசகன்:
இல்ல தலைவரே, கிழவர்தான். எனக்கே ஞாபகம் இருக்கு.

இருபத்தாறுவார_அம்மா:
என் பையன் 26 வாரம், 840 கிராம். நாற்பது நாள் அந்த மானிட்டரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். 86 காட்டினா ஒரு அக்கா ஓடி வருவாங்க, இன்னொருத்தர் 'தானா ஏறும் இரும்மா'ன்னுவாங்க. அந்த நம்பரை எவ்வளவு நம்பலாம்னு யாராவது சொல்லுங்களேன்.

தராசு:
நல்ல கேள்வி அம்மா, என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. இந்த ஆய்வுகளில் சாச்சுரேஷன் காட்டும் கருவியே வேண்டுமென்று மாற்றிக் காட்டும்படி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் நர்ஸ் கண்ணுக்கு இலக்கு 88–92. உண்மையில் ஒரு பக்கம் 85–89, மற்றது 91–95. போதாக்குறைக்கு அந்த மாசிமோ கருவியின் மென்பொருளில் கோளாறு, இதே மாதிரி இன்னொரு ஆய்வான பூஸ்ட்-2 நடக்கும்போதே நடுவில் திருத்தினார்கள். இதை வைத்துக்கொண்டு 19.9, 17.1 என்று சத்தியம் செய்கிறார்கள்.

இரவுப்பணி_சுடர்:
முழுசா சொல்லுங்க. திருத்தின கருவியில் பார்த்த பிள்ளைகளில்தான் இறப்பு குறைந்த பக்கம் 23.1, மறுபக்கம் 15.9 ஆச்சு. கோளாறு சரியானதும் உங்க பக்கம் இன்னும் கீழே போச்சு. இதை எப்போ சொல்வீங்க?

தராசு:
பேச்சை மாற்றாதீர்கள் மேடம். சப்போர்ட்டில் 17.1 இருக்கிறதா, இல்லையா?

இரவுப்பணி_சுடர்:
எனக்கு மேடம் வேண்டாம். நீங்க 85 போதும்னு எழுதினதை அழிங்க, நான் 17.1-ஐ அழிக்கிறேன்.

தராசு:
நான் ஏன் அழிக்க வேண்டும்? எண்ணைத் தப்பாகப் போட்டது நானா?

இருபத்தாறுவார_அம்மா:
நம்பரை நம்பலாமான்னு கேட்டேன்...

இரவுப்பணி_சுடர்:
அம்மா, உங்களுக்குத் தனியா எழுதுறேன். இங்கே எழுதினா அதையும் எடுத்து ஒட்டுவார். ஷிப்டுக்கு நேரமாச்சு.

தராசு:
16.2. போகிற வழியில் திருத்திவிட்டுப் போங்கள்.