அம்மாவுக்கு 7 மாசமா மூட்டு வலி: எந்த டாக்டர், என்னென்ன கொண்டு போகணும்?

குடியாத்தம்_பையன்:

வணக்கம். அம்மாவுக்கு வயசு 47, பீடி சுத்துறாங்க. 7 மாசமா ரெண்டு கை விரல் கணு, மணிக்கட்டு, முன்பாதம் எல்லாம் வலி. காலையில எழுந்தா விரல் மடங்காது, ஜாக்கெட் ஊக்கு போட தங்கச்சி வரணும். பத்து மணிக்கு மேலதான் முறத்தை மடியில வைக்க முடியுது. விரல் வீங்கி மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தோம்.

லேப்ல நாங்களா கொடுத்துப் பார்த்தது: ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டுற ரத்த டெஸ்ட்) 52, ஹீமோகுளோபின் 10.1, ஆர்ஏ ஃபேக்டர் (முடக்கு வாதத்துக்கான ரத்த டெஸ்ட்) நெகட்டிவ், யூரிக் ஆசிட் 6.3, விட்டமின் டி 13. "வாதம் இல்ல, யூரிக் ஆசிட்தான், பருப்பை நிறுத்துங்க"ன்னு ஒருத்தர் சொல்லிட்டார். மெடிக்கல் ஷாப்ல வாங்கின அசிக்ளோஃபினாக் பாராசிட்டமால் மாத்திரை தினம் ரெண்டு ஓடுது. பிபிக்கு டெல்மிசார்டான் 40. சந்தையில வாங்கின மூலிகைப் பொடி ஒண்ணும் 2 மாசமா சாப்பிடுறாங்க, அதைச் சாப்பிட்ட அன்னைக்கு மட்டும் வலியே தெரியல.

ஆர்த்தோ (எலும்பு டாக்டர்) பாக்கணுமா, ஜெனரல் மெடிசினா? வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியா, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியா? கையில என்ன எடுத்துட்டுப் போகணும்?

பாலாறு_வாசகர்:

தம்பி, நீங்க எழுதினதுல முக்கியமான வரி "பத்து மணிக்கு மேலதான்"ங்கிறது. டாக்டர்கிட்ட முதல் வாக்கியமா அதைச் சொல்லுங்க. தேய்மான வலின்னா காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள்ள விட்டுடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். அழற்சியால வர்ற வாதத்துல விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்கும், நடமாட நடமாடத்தான் குறையும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, சின்ன மூட்டுகள்ல, 6 வாரத்தைத் தாண்டி வீக்கம் இருந்தா முடக்கு வாதத்தைச் சந்தேகப்பட்டே ஆகணும்.

வீட்டுலயே ஒண்ணு பாருங்க. கை குலுக்குற மாதிரி அம்மாவோட நாலு விரல் அடிக்கணுக்களையும் பக்கவாட்டுல சேர்த்து மெதுவா அழுத்துங்க. வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. நகத்துக்குப் பக்கத்துக் கணு மட்டும் கட்டியா புடைச்சிருந்தா அது அனேகமா தேய்மானம்.

ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ்னு நிம்மதி ஆகாதீங்க. முடக்கு வாதம் இருக்கிறவங்கள்லயே நாலு, அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு அது நெகட்டிவாத்தான் வரும். நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவாவும் வரும். ஆன்டி சிசிபி, சிஆர்பிங்கிற ரெண்டு ரத்த டெஸ்ட்டும் பாக்கணும், கை பாதம் எக்ஸ்ரே எடுக்கணும். ஆரம்பத்துல எக்ஸ்ரே சுத்தமா இருக்கலாம், அதனால டாக்டர் விரலால தொட்டுப் பாக்கிறதுதான் பெரிய பரிசோதனை. ரத்தசோகைக்கே ஈஎஸ்ஆர் கொஞ்சம் ஏறும், அழற்சி நீடிச்சா ஹீமோகுளோபின் இறங்கும். ரெண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துக் காட்டுங்க.

யூரிக் ஆசிட் 6.3ங்கிறது கோடு தாண்டின அளவு, அவ்வளவுதான். கவுட் (யூரிக் ஆசிட் கூடி வர்ற வாதம்) வழக்கமா கால் பெருவிரல் மாதிரி ஒரே மூட்டுல ராத்திரியோட ராத்திரியா நெருப்பா வந்து, ஒன்னு ரெண்டு வாரத்துல அடங்கும். மாதவிலக்கு நிக்காத பெண்களுக்கு அது அபூர்வம். இதுக்காகப் பருப்பை நிறுத்தாதீங்க, ஹீமோகுளோபின் 10ல இருக்கிறவங்களுக்குச் சாப்பாடு வேணும்.

விட்டமின் டி 13 குறைவுதான். அதனால இடுப்பு, தொடை எலும்பு வலிக்கும், தரையில இருந்து எழக் கஷ்டமா இருக்கும். விரல் கணு வீங்காது. டி சத்து ஏத்தினா எல்லாம் சரியாகும்னு மாசக்கணக்குல காத்திருந்து ஏமாறுறது இங்கதான்.

போக வேண்டியது ருமட்டாலஜி (வாத நோய்த் துறை). நேரா கிடைக்கலன்னா ஜெனரல் மெடிசின். ஆர்த்தோ அப்புறம். அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காலையிலேயே ஓபி சீட்டு போட்டு மெடிசின்ல காட்டுங்க, அடிப்படை டெஸ்டுகள் அங்கயே ஆகும். ருமட்டாலஜிக்குத் தனித்துறை வேணும்னா சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லலாம், காட்பாடியில ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கினா எதிர்லயே ஆஸ்பத்திரி. சிஎம்சின்னா அப்பாயின்ட்மென்ட்ல எந்த வளாகம்னு பாத்துட்டு பஸ் ஏறுங்க. வேலூர் ஊருக்குள்ள ஒண்ணு, 2022ல திறந்த ராணிப்பேட்டை வளாகம் ஒண்ணு. மாத்திப் போய் நின்னா அந்த நாளே போச்சு.

ஆற்காடு_மருந்தாளர்:

அந்தப் பொடிதான் எனக்குக் கவலை. மூலிகை எதுவும் முடக்கு வாத வலியை ஒரே நாள்ல துடைச்சு எடுக்காது. அப்படி ஒரே நாள்ல வலி போச்சுன்னா உள்ள டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பியிருக்கா, பசி கூடியிருக்கா, லேசா இடிச்சாலே தோல் கன்றிப் போகுதான்னு பாருங்க. சர்க்கரையும் ஏறும், கட்டாயம் பாக்கணும். பொட்டலத்தைப் பேருள்ள தாளோட அப்படியே எடுத்துட்டுப் போங்க. ஸ்டீராய்டு வீக்கத்தை மறைச்சிடும், டாக்டர் தொடும்போது கை நல்லா இருக்கிற மாதிரித் தெரியும். அதனால பொடி விஷயத்தைக் கூச்சப்படாம சொல்லணும். வீக்கம் இருந்த நாள்ல செல்போன்ல எடுத்த படம் இருந்தா தேதியோட காட்டுங்க.

அடுத்தது, அசிக்ளோஃபினாக்கும் டெல்மிசார்டானும் மாசக்கணக்குல சேர்ந்து ஓடினா கிட்னிக்குச் சுமை, பிபியும் கட்டுக்குள்ள நிக்காது. கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) பாக்காம இனி தொடரக் கூடாது. வலி மாத்திரைக்குள்ளயே பாராசிட்டமால் 325 இருக்கு, அது மேல டோலோ 650 போட்டா ரெண்டு வழியா ஒரே மருந்து சேருது. மலம் தார் மாதிரி கறுப்பா போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அட்டைகளை வெட்டாம கொண்டு போங்க. "வெள்ளை மாத்திரை, சின்னது"ன்னு சொன்னா யாருக்கும் புரியாது. முடி வளர பயோட்டின் சாப்பிட்டா டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி நிறுத்தணும், தைராய்டு ரிசல்ட்டைக் குழப்பும். டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்) கேட்டு வாங்குங்க, தைராய்டு குறைஞ்சாலும் உடம்பெல்லாம் வலிக்கும்.

குடியாத்தம்_பையன்:

ரொம்ப நன்றிங்க. முகம் கொஞ்சம் உப்பித்தான் இருக்கு. பொடியை இன்னிக்கே நிறுத்திடட்டுமா?

ஆற்காடு_மருந்தாளர்:

நீங்களா சடார்னு நிறுத்தாதீங்க, கூட்டவும் கூடாது. 2 மாசம் ஸ்டீராய்டு போயிருந்தா உடம்பு தானா சுரக்கிறதைக் குறைச்சிருக்கும். திடீர்னு விட்டா வாந்தி, தலைசுத்தல், பிபி இறங்கி மயக்கம் வரலாம். அதனால அடுத்த வாரம்னு தள்ளாம நாளைக்கே டாக்டரைப் பாருங்க. சரியான அளவுல மாத்திரையா மாத்திப் படிப்படியா குறைப்பாங்க. அதுக்குள்ள வாந்தியோ மயக்கமோ வந்தா எமர்ஜென்சியில பொடியைப் பத்தி முதல்லயே சொல்லிடுங்க.

காட்பாடி_பிசியோ:

ஒண்ணு சேர்த்துக்கங்க. ராத்திரியில பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து எரிஞ்சு, கையை உதறினா சரியாகுதான்னு அம்மாகிட்ட கேளுங்க. அப்படின்னா மணிக்கட்டுல நரம்பு அமுங்குது. பீடி சுத்துற கைக்கும், மணிக்கட்டு வீங்கின கைக்கும் அது வரும். மணிக்கட்டை நேரா நிறுத்துற பட்டையை ராத்திரி மட்டும் கட்டினாலே பலருக்குக் குறையும்.

வேலையைப் பத்தி: மூட்டு வீங்கிச் சூடா இருக்கிற நாள்ல இலை சுருட்டக் கூடாது, எண்ணெய் போட்டு அழுத்தி உருவவும் கூடாது. வீக்கம் அடங்கினதும் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை முறத்தை இறக்கி வெச்சுட்டு எழுந்து நடக்கணும். சம்மணம் போட்டு முறத்தைப் பார்த்துக் குனிஞ்சா கழுத்துதான் முதல்ல போகும், அதனால முதுகைச் சுவத்துல சாய்ச்சு, முறத்துக்கு அடியில ஒரு தலையணை வெச்சு உயர்த்திக்கணும். காலையில வெதுவெதுப்பான தண்ணியில 10 நிமிஷம் கையை வெச்சு, உள்ளேயே மெல்ல மூடித் திறக்கட்டும்.

பாலாறு_வாசகர்:

போகுறதுக்கு முன்னாடி அரைத்தாள்ல எழுதுங்க: எப்போ ஆரம்பிச்சது, எந்தெந்த மூட்டு, விறைப்பு எத்தனை நிமிஷம், காய்ச்சல் உண்டா, எடை குறைஞ்சதா, வீட்டுல யாருக்காவது டிபி இருந்ததா. எடை குறைவும் சாயங்காலக் காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்தா முதுகெலும்பு டிபியையும் பாக்கணும். ஒரே ஒரு மூட்டு திடீர்னு சிவந்து சூடாகி குளிர்காய்ச்சலும் வந்தாலோ, கால் வலுவிழந்து சிறுநீர் அடைச்சாலோ ஓபிக்குக் காத்திருக்காதீங்க.

முடக்கு வாதம்னு உறுதியாகி மெத்தோட்ரெக்ஸேட் எழுதினா ஒரு விஷயத்துல கண்ணா இருங்க. அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மாத்திரை. மத்த மாத்திரை மாதிரி தினம் போட்டுட்டா ரத்த அணுக்களே விழுந்து உயிருக்கு ஆபத்து. கூடவே ஃபோலிக் ஆசிட் வேற நாள்ல தருவாங்க. வேலை செய்ய 6ல இருந்து 12 வாரம் வரை பிடிக்கலாம், "கேக்கல"ன்னு நடுவுல விட்டுடாதீங்க. சீட்டுலயும் அட்டை மேலயும் "ஞாயிறு மட்டும்"னு கிழமையைத் தமிழ்ல எழுதித் தரச் சொல்லுங்க, அம்மாவே படிச்சுப் பாத்துக்கிற மாதிரி.